மாறாத பூஜ்யம்

பாடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை உள்ள பட்டறைகளில் ஒரு விதியைப் புதிதாய்ச் சேர்ந்த பயிலுநருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பாகத்தின் டிராயிங்கைத் திருத்துகிறோம். திருத்திய பாகம், பழையது இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து அதே வேலையைச் செய்தால், பார்ட் நம்பர் மாறாது. ரிவிஷன் எழுத்து மட்டும் ஏ என்பது பி ஆகும். உட்காராது என்றால் பழைய நம்பரைத் தொடக் கூடாது. புதிய பார்ட் நம்பர் வாங்க வேண்டும். துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர் மாறியிருந்தாலும், அது பொருத்தத்தைக் கெடுக்குமானால், அது வேறு பாகம்.

இந்த விதியின் அருமை பட்டறைக்குள் தெரியாது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் நிறுவப்பட்டு, 1965-ல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளியே அனுப்பியது. அப்படி ஒரு வண்டி பல பத்தாண்டுகள் ஓடும். அதற்கு உதிரிப் பாகம் மாற்றுகிறவர் எங்கோ எல்லையோரப் பணிமனையில் இருப்பார். ஆவடியில் டிராயிங் வரைந்தவரை அவர் பார்க்கப் போவதில்லை, ஃபோனில் கூப்பிட்டுக் கேட்கப் போவதுமில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண் ஒன்றுதான் இருவருக்கும் நடுவே உள்ள பேச்சு. அந்த எண் பொய் சொன்னால் வண்டி நிற்கும்.

கணினிக்குள்ளும் இதே ஏற்பாடு இருக்கிறது. மென்பொருள் உலகம் கடந்த நாற்பது ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பியது அது. தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் இருந்த மனைகள் சிலவற்றில் இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிற்கின்றன. உள்ளே வேலை செய்கிற இளைஞர்களில் பலருக்கு இந்த ஏற்பாடு பற்றித் தெரிவது, நிரலை ஓட்டும்போது திரையில் வரும் ஒரு பிழைச் செய்தி வழியாகத்தான். இந்த அத்தியாயம் அவர்களுக்காகவும், கணினியைத் திறந்தால் தமிழ் எழுத்து எப்படி வருகிறது என்று என்றைக்காவது யோசித்தவர்களுக்காகவும்.

தமிழ் எழுத்திலிருந்தே தொடங்கலாம். ‘கொ’ என்று தட்டுகிறோம். கணினியின் நினைவகத்தில் அது ‘க’ என்ற குறியும், அதற்கடுத்து ஒகரக் குறியும் மட்டுமே. திரையிலோ ஒற்றைக் கொம்பு க-வுக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். சேமித்த வரிசை வேறு, வரையும் வரிசை வேறு. இந்த மாற்றத்தைச் செய்யும் மென்பொருளின் பெயர் ஹார்ஃபஸ். ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்ற பொறியாளர் உருவாக்கியது. லிப்ரெஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாமே இதை நம்பித்தான் தமிழைக் காட்டுகின்றன.

ஹார்ஃபஸ் தனியாக ஓடும் நிரல் இல்லை. மற்ற நிரல்கள் கூப்பிட்டு வேலை வாங்குகிற செயல்களின் தொகுப்பு. இதைத் தமிழில் நிரலகம் என்கிறார்கள், அலுவலகத்தில் லைப்ரரி. ஒவ்வொரு நிரலும் ஹார்ஃபஸின் ஒரு பிரதியைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரியலாம். லினக்ஸ் வகையறாவில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. வட்டில் ஒரே ஒரு பிரதி இருக்கும். தேவைப்படும் நிரல்கள் எல்லாம் ஓடத் தொடங்கும் நேரத்தில் அதை எடுத்துப் பொதுவாகப் பயன்படுத்தும். நினைவகத்திலும் அதன் செயல்கூற்றுப் பகுதி ஒரு முறைதான் ஏறும். இதுதான் ஷேர்டு லைப்ரரி, பகிர்வு நிரலகம்.

ஒரு பிரதியைப் பலர் பகிர்ந்தால், அந்தப் பிரதியை மாற்றும் உரிமை யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையில் என்ற கேள்வி உடனே வந்துவிடும். இதற்கான பதிலைத்தான் கோப்பின் பெயருக்குள் வைத்தார்கள்.

டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டில் ஹார்ஃபஸ் நிரலகத்தின் கோப்புப் பெயர் இது: லிப்ஹார்ஃபஸ்.எஸ்ஓ.0.60000.0. முன்னால் உள்ள ‘லிப்’ நிரலகம் என்பதற்கு. ‘எஸ்ஓ’ பகிரக்கூடியது என்பதற்கு. பின்னால் மூன்று எண்கள். இது கோப்பின் முழுப் பெயர். ஆனால் எந்த நிரலும் இந்த முழுப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. நிரல் தன் உடம்பில் எழுதி வைத்திருப்பது ‘லிப்ஹார்ஃபஸ்.எஸ்ஓ.0’ என்பதை மட்டுமே. முதல் எண்ணோடு நின்றுவிடும் இந்தச் சுருக்கமான பெயருக்கு எஸ்ஓ-நேம் என்று பெயர். நிரலகத்தின் கோப்புக்குள்ளேயே அது பொறிக்கப்பட்டிருக்கும். நிரலைத் தொகுத்து இயக்கக் கோப்பாக்கும்போது இணைப்பி அதைப் படித்து நிரலுக்குள் பதித்துவிடும். நிரல் ஓடத் தொடங்கும்போது, நிரலகங்களை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அந்தப் பெயரைத் தேடும். வட்டில் அந்தப் பெயரில் உண்மையான கோப்பு கிடையாது. முழுப் பெயர் கொண்ட கோப்பைக் காட்டும் ஒரு சிம்லிங்க்தான் இருக்கும். நிரலகங்கள் இருக்கும் அடைவுகளைத் துழாவி இந்த இணைப்புகளை உண்டாக்கி, லோடர் விரைவாகத் தேட ஒரு பட்டியலையும் எழுதி வைப்பது எல்டிகான்ஃபிக் என்ற கட்டளை. நிரலகத்தை நிறுவிவிட்டு இதை ஓட்ட மறந்தவர்கள், கோப்பு கண்ணெதிரே இருக்க ‘கோப்பைக் காணோம்’ என்ற பிழையைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவதாக, எண்ணே இல்லாத ஒரு பெயரும் உண்டு: லிப்ஹார்ஃபஸ்.எஸ்ஓ. இது நிரலைத் தொகுப்பவருக்கு மட்டும் தேவை. அதனால்தான் டெபியனில் ஒரே நிரலகம், நிறுவுவதற்கான இரண்டு பொதிகளாக வருகிறது. ஓட்டுபவருக்கான பொதியின் பெயரில் எண் இருக்கும். தொகுப்பவருக்கான ‘டெவ்’ பொதியில் அந்த எண் இருக்காது. பழைய நிரலுக்காகப் பழைய எண்ணும் புதிய நிரலுக்காகப் புதிய எண்ணும் ஒரே கணினியில் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க இந்தப் பிரிப்பு வழி செய்கிறது. சேர்ந்து வாழ முடியாத பெயர்களை வைத்தால், ஒன்றைப் புதுப்பிக்க மற்றதைக் கொல்ல வேண்டும்.

இப்போது அந்த மூன்று எண்களைப் பாருங்கள். 60000 என்பது ஹார்ஃபஸின் 6.0.0 வெளியீட்டைக் குறிக்கிறது. உபுண்டு 22.04 என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீட்டில் அதே இடத்தில் 20704 இருக்கும், அது 2.7.4. அதன் பிறகு ஹார்ஃபஸ் பத்தாம் வெளியீட்டையும் தாண்டிவிட்டது. முதல் எண் மட்டும் பூஜ்யமாகவே நிற்கிறது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு இது முடிவடையாத, அரைகுறையான மென்பொருளின் அடையாளம் போலத் தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிர். ‘பல ஆண்டுகளாக என்னை நம்பித் தொகுக்கப்பட்ட ஒரு நிரலையும் நான் உடைக்கவில்லை’ என்பதன் பதிவு அந்தப் பூஜ்யம். உள்ளே எத்தனையோ மாறியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது, செயல்கள் கூடியிருக்கின்றன. பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்ட பழைய செயல்களைக்கூட வெளியே எறியாமல் வைத்திருக்கிறார்கள். பட்டறை மொழியில் சொன்னால், ரிவிஷன் எத்தனையோ. பார்ட் நம்பர் ஒன்றே.

உடைப்பது என்றால் என்ன? மூல நிரலைப் படிப்பவருக்குக் கண்ணில் படாத ஒன்று இதில் இருக்கிறது. எழுத்துகளை அடுக்கும் ஒரு கற்பனை நிரலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு எழுத்துக்கும் அது மூன்று செய்திகளைத் தருகிறது: எந்த உருவம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். ஒவ்வொன்றுக்கும் 4 பைட்டு, மொத்தம் 12. இதைப் பயன்படுத்தும் நிரல் தொகுக்கப்படும்போது அகலம், உயரம் என்ற பெயர்கள் காணாமல் போய்விடும். ‘நான்காவது பைட்டில் படி, எட்டாவது பைட்டில் படி’ என்ற எண்கள்தான் இயக்கக் கோப்பில் மிஞ்சும். அடுத்த வெளியீட்டில் நிரலகத்தின் ஆசிரியர் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் நிறம் என்று ஒன்றைச் சேர்க்கிறார். மூல நிரலை மறுபடி தொகுத்தால் ஒரு சிக்கலும் வராது. ஆனால் நேற்றே தொகுத்து அனுப்பப்பட்ட நிரல்? அது எட்டாவது பைட்டில் உயரம் இருக்கும் என்று நம்பி நிறத்தைப் படிக்கும். அதைவிட மோசம், அது ஒதுக்கி வைத்த இடம் 12 பைட்டு. புதிய நிரலகம் 16 பைட்டு எழுதும். மிச்சம் நான்கும் பக்கத்தில் இருக்கிற வேறெதன் மேலோ ஏறும். நிரல் உடனே சாய்ந்தால் நல்லது. சாயாமல் தவறான கணக்கோடு ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து.

மூல நிரல் அளவில் பொருந்துவது வேறு, தொகுத்து முடித்த பைனரி அளவில் பொருந்துவது வேறு. எஸ்ஓ-நேமில் உள்ள எண் இரண்டாவதைப் பற்றியது. அது பொருந்தாமல் போகும்போது எண்ணை உயர்த்த வேண்டும். பொருந்தும்வரை உயர்த்தக் கூடாது. காரணமில்லாமல் உயர்த்தினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் அநாதையாகும்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. தொடக்க கால லினக்ஸில் ஒவ்வொரு பகிர்வு நிரலகமும் நினைவகத்தில் நிலையான ஒரு முகவரியில்தான் ஏற முடியும். இரண்டு நிரலகங்கள் ஒரே முகவரியைக் கேட்டுவிடாமல் இருக்க, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கவே ஒரு பட்டியல் தேவைப்பட்டது. சன் நிறுவனம் 1988-ல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4.0, எந்த முகவரியிலும் ஏறக்கூடிய நிரலகங்களையும், பெரிய எண், சிறிய எண் என்ற பெயர் முறையையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. லினக்ஸ் 1995 வாக்கில் ஈஎல்எஃப் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறியபோதுதான் நாம் இன்று காணும் முறை அங்கே நிலைபெற்றது.

பெரிய சோதனை 1997–98-ல் வந்தது. ஒவ்வொரு நிரலும் சாய்ந்திருக்கும் அடித்தள நிரலகமான லிப்சி, ஐந்தாம் எண்ணிலிருந்து ஆறாம் எண்ணுக்குப் போனது. புதியது குனு திட்டத்தின் ஜிலிப்சி. டெபியன் 1998 ஜூலையில் வெளியிட்ட 2.0-ஐ இந்த மாற்றத்துக்காகவே முழுதாக மறுபடி தொகுத்தது. பழைய நிரல்கள் செத்துவிடாமல் இருக்க லிப்சி5 பொதியையும் பக்கத்திலேயே வைத்திருந்தது. அதன் வலியை அனுபவித்த தலைமுறை ஒரு முடிவுக்கு வந்தது போலிருக்கிறது: அன்று முதல் இன்று வரை லிப்சி.எஸ்ஓ.6 தான். ஏழு வரவில்லை.

ஏழு வராமலே உள்ளே மாற்றங்களை எப்படிச் செய்கிறார்கள்? 2010-ல் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுக்கும் மெம்காப்பி என்ற செயலை ஜிலிப்சி வேகப்படுத்தியது. மூல இடமும் சேரும் இடமும் ஒன்றன் மேல் ஒன்று படியக் கூடாது என்பது அந்தச் செயலின் பழைய நிபந்தனை. உலாவியில் வீடியோ ஓட்டிய அடோபியின் ஃப்ளாஷ் அந்த நிபந்தனையை மீறியே எழுதப்பட்டிருந்தது. பழைய மெம்காப்பி நகலெடுத்த திசையால் அந்தத் தவறு வெளியே தெரியாமல் இருந்தது. புதிய மெம்காப்பி சில செயலிகளில் பின்னாலிருந்து நகலெடுத்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு வீடியோவில் பாட்டு கரகரவென்று சிதைந்து கேட்டது. ஜிலிப்சி விதிப்படி நடந்தது, தவறு ஃப்ளாஷினுடையது என்று ஒரு தரப்பு. பயனரின் கணினியில் நேற்று கேட்ட பாட்டு இன்று கேட்கவில்லை, விதியைக் காட்டி அவருக்கு என்ன பயன் என்று லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்ட மறுதரப்பு. நான் இரண்டாவது தரப்பின் பக்கம். அடித்தள நிரலகத்தை எழுதுகிறவர், எழுதிக் கொடுத்த விதிக்கு மட்டுமல்ல, ஆண்டுக்கணக்கில் நடந்துகாட்டிய பழக்கத்துக்கும் பொறுப்பு.

2011-ல் வந்த ஜிலிப்சி 2.14 இதை அழகாகத் தீர்த்தது. மெம்காப்பி என்ற பெயரிலேயே இரண்டு செயல்கள் நிரலகத்துக்குள் வைக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளியீட்டு முத்திரையோடு. பழைய நிரல்கள் தங்களுக்குள் பதிந்திருக்கும் பழைய முத்திரையைச் சொல்லிப் பழையதைப் பெறும். புதிதாகத் தொகுக்கப்படுபவை புதியதைப் பெறும். ஒரு கோப்புக்குள்ளேயே பல காலங்கள் சேர்ந்து வாழ்கின்றன. எண் ஆறிலேயே நிற்க முடிவதற்கு இந்த முத்திரை முறைதான் காரணம்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. மென்பொருள் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் அடிக்கடி முட்டிக்கொள்வது அங்கேதான். உபுண்டு 22.04-ல் ஜிலிப்சி 2.35. அதில் தொகுத்த நிரலை, 2.31 உள்ள 20.04-க்கு எடுத்துப் போனால், வேண்டிய முத்திரை அங்கே இல்லை என்று லோடர் மறுத்துவிடலாம். பழையது புதியதில் ஓடும் என்பதுதான் வாக்கு. புதியது பழையதில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களிடம் உள்ளவற்றில் மிகப் பழைய கணினி எதுவோ, அதற்கு நிகரான சூழலில் தொகுப்பதுதான் வழி. பைத்தான் உலகம் இதை ஒரு தரமாகவே எழுதி வைத்திருக்கிறது. மெனிலினக்ஸ்2014 என்ற முத்திரையுள்ள பொதி, ஜிலிப்சி 2.17-ஐ மட்டும் நம்பித் தொகுக்கப்பட்டது என்று பொருள்.

எண் மாறாமல் இருப்பதன் பயன் உயிர்க்காப்பு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது 2014 ஏப்ரலில். அந்த மாதம் தமிழ்நாட்டுக்கும் முக்கியமானது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சி. உமாசங்கர் என்ற அதிகாரி பொறுப்பில் இருந்தபோதே, சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது. சென்னையில் 2005-ல் தொடங்கிய திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் கைகோத்தன. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அது அரசுப் பள்ளி மாணவர்களின் கைக்கும் போனது. ஆவடி, பூந்தமல்லி மாணவர்களின் மடிக்கணினிகளிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் இருந்தது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதையொட்டித் தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது.

எக்ஸ்பி ஆதரவு நின்றதற்குச் சரியாக முந்தைய நாள், ஏப்ரல் 7-ல், ஹார்ட்பிளீட் வெளியே வந்தது. இணையத்தில் மறைகுறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் இரண்டு ஆண்டுகளாக இருந்த ஓட்டை அது. சர்வரிடம் ஒரு சிறு செய்தியை அனுப்பி, அதன் நீளத்தைப் பொய்யாகச் சொன்னால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அதில் கடவுச்சொல் இருக்கலாம், ரகசியச் சாவி இருக்கலாம். அதே நாளில் 1.0.1ஜி என்ற திருத்தம் வந்தது. எஸ்ஓ-நேம் மாறவில்லை; முன்பும் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.0.0, பின்பும் அதுவே. ஒரு கணினியில் அந்த நிரலகத்தைப் பகிர்ந்த வெப் சர்வர், மெயில் சர்வர் என்று எதையும் மறுபடி தொகுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே கோப்பை மாற்றினால் போதும். டெபியன் 7 இன்னும் ஒரு படி போய், தன் 1.0.1இ வெளியீட்டிலேயே அந்தச் சில வரிகளை மட்டும் திருத்தி அனுப்பியது.

ஒரே கோப்பை மாற்றினால் போதும் என்றேன். மாற்றும் விதம் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல், நிரலகக் கோப்பை நினைவகத்தோடு பிணைத்து வைத்திருக்கும். அந்தக் கோப்பின் மேலேயே புதியதை எழுதினால், ஓடுகிற நிரலின் காலடி நிலமே மாறி அது சாயும். அதனால் பொதி நிர்வாகிகள் புதிய கோப்பைப் பக்கத்தில் வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டு, ஒரே நொடியில் பெயரை மாற்றுகின்றன. பழைய கோப்பு பெயரிழந்தாலும், அதைப் பிடித்திருக்கும் நிரல் முடியும்வரை வட்டில் உயிரோடு இருக்கும். இதனால் ஒரு விளைவு: ஹார்ட்பிளீட் திருத்தத்தை நிறுவிவிட்டு சர்வரை மறுபடி தொடங்காமல் விட்டவர்களின் கணினி, பெயரிழந்த அந்த ஓட்டைக் கோப்பையே தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருந்தது. திருத்தம் நிறுவியாயிற்று என்று பதிவேடு சொல்லும்; கதவோ திறந்தே இருக்கும். நிரலகத்தை நிறுவும் வேலை, அதைப் பயன்படுத்தும் நிரல்களை மறுதொடக்கம் செய்தால்தான் முடியும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.0.0 இல்லை’ என்று பிழை வரும்போது, கையிலிருக்கும் 1.1-ஐக் காட்டி அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டுவிடுவது. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0-ல், 2016-ல், உள்கட்டமைப்புகள் பெரும்பாலானவற்றை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாதபடி மூடிவிட்டார்கள். பழைய நிரல்கள் நம்பியிருந்த பைட்டு இடங்கள் போய்விட்டன. எண் மாறியது அதைச் சொல்லத்தான். அந்த எச்சரிக்கையின் மேல் பழைய ஸ்டிக்கரை ஒட்டுவது, பொருந்தாத பாகத்தின் பெட்டியில் பழைய பார்ட் நம்பரை ஒட்டுவதே. அதைச் செய்யும் ஆளை எந்தப் பட்டறையும் வேலையில் வைத்திருக்காது.

எண்ணை அடிக்கடி மாற்றுவதும் குற்றமில்லை, உண்மையோடு மாற்றினால். மொழிகளின் அகரவரிசை, நாள்காட்டி முறைகளைக் கையாளும் ஐசியு நிரலகம் ஒவ்வொரு பெரிய வெளியீட்டிலும் எண்ணை உயர்த்திவிடும். உபுண்டு 22.04-ல் 70, டெபியன் 12-ல் 72, உபுண்டு 24.04-ல் 74. இணக்கம் காப்பேன் என்று அது வாக்குத் தருவதில்லை. அதனால் யாரும் ஏமாறுவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதை நம்பியவற்றை மறுபடி தொகுக்க வேண்டும், அவ்வளவே. ஏமாற்றம் வருவது உடைத்துவிட்டு எண்ணை மாற்றாதவர்களால்.

அப்படி நடப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. வெளியீட்டு எண்ணையும் எஸ்ஓ-நேம் எண்ணையும் ஒன்றென்று நினைப்பதால். நிரலகங்களைக் கட்ட உதவும் லிப்டூல் என்ற கருவி இதற்காகவே மூன்று எண்களைத் தனியாகக் கேட்கிறது: இடைமுகத்தின் இப்போதைய எண், அதே இடைமுகத்துக்குள் செய்த திருத்தத்தின் எண், எத்தனை பழைய இடைமுகங்கள் இன்னும் தாங்கப்படுகின்றன என்ற வயது. லினக்ஸில் முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் எஸ்ஓ-நேம் எண் கிடைக்கும். செயலைச் சேர்த்தால் இரண்டும் ஒன்று கூடும்; கழித்தால் விடை மாறாது. செயலை நீக்கினால் வயது பூஜ்யமாகும், விடை தாவும். இந்தச் சின்னக் கணக்குக்குள் முழுத் தத்துவமும் இருக்கிறது. லிப்டூல் கையேடும், வெளியீட்டு எண்ணை இங்கே ஒருபோதும் போடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறது. இருந்தும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஒழுங்கைப் பெரிய அளவில் காண 2024-ல் ஒரு வாய்ப்பு வந்தது. யூனிக்ஸ் வழிக் கணினிகள் காலத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டில் அந்த எண்ணிக்கை 2,147,483,647-க்கு மேல் போகாது. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பும். அடுத்த நொடி, கணினிக்கு 1901 டிசம்பர். மேசைக் கணினிகள் எல்லாம் 64 பிட்டுக்குப் போய்விட்டன. ஆனால் இயந்திரங்களுக்குள்ளும் மீட்டர்களுக்குள்ளும் பொருத்தப்படும் 32 பிட் ஆர்ம் பலகைகள் பதினைந்து ஆண்டு ஓட வேண்டியவை. காலத்துக்கான இடத்தை 4 பைட்டிலிருந்து 8 பைட்டு ஆக்கினால், காலத்தை வாங்கியோ கொடுத்தோ பழகும் ஒவ்வொரு நிரலகத்தின் பைனரி இணக்கமும் ஒரே சமயத்தில் உடையும். டெபியன் தானாக எஸ்ஓ-நேம்களை மாற்ற முடியாது; அந்த எண்கள் அந்தந்த நிரலகத்தை எழுதியவர்களுக்குச் சொந்தம். எனவே பொதிகளின் பெயரை மாற்றியது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. நூற்றுக்கணக்கான நிரலகங்களுக்கு இப்படியே வால் முளைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 இதைச் சுமந்தே வந்தது. பழைய இன்டெல் 32 பிட் வகைக்கு மட்டும் காலத்தை மாற்றாமல் விட்டார்கள். அந்த வகையை இன்னும் வைத்திருப்பவர்கள், மறுபடி தொகுக்க வழியில்லாத பழைய நிரல்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால். மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே, யாருக்கு அது கூடாது என்பதையும் யோசித்தார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவ்வளவும் எதற்கு, ஒவ்வொரு நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரு கன்டெய்னரில் கட்டி அனுப்பிவிடலாமே என்பார்கள். சில இடங்களில் அது சரியான முடிவு. ஆனால் கன்டெய்னருக்குள்ளும் பெரும்பாலும் லிப்சி.எஸ்ஓ.6 இருக்கிறது, லோடர் இருக்கிறது, இதே பெயர் விதிகள் இருக்கின்றன. இன்னொரு ஹார்ட்பிளீட் வந்தால் ஒரு கோப்பை மாற்றும் வேலை, எத்தனை கன்டெய்னர்கள் உண்டோ அத்தனை முறை செய்யும் வேலையாகும். பகிர்வதிலும் ஆபத்து உண்டு என்பதை 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் காட்டியது. லிப்எல்இசட்எம்ஏ.எஸ்ஓ.5 என்ற, யாரும் கவனிக்காத சுருக்க நிரலகத்தில் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் திட்டமிட்டு நுழைக்கப்பட்ட பின்வாசல், வேறு நிரலகங்களின் சங்கிலி வழியே, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் வரை போனது. உள்நுழைவில் அரை நொடி தாமதம் ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். பெயர் பொருத்தத்தைத்தான் உறுதி சொல்லும், நேர்மையை அல்ல. அதற்கு நிரலைப் படிக்கும் மனிதர்கள் வேண்டும்.

தொழிற்பேட்டையில் துளை சரியா என்று பார்க்க கோ, நோ-கோ கேஜ் வைத்திருப்பார்கள். நிரலகத்துக்கும் அப்படிக் கருவிகள் இருக்கின்றன, எல்லாம் இலவசம். டெபியனின் கருவி, நிரலகம் வெளியே காட்டும் செயல்களின் பட்டியலை முந்தைய வெளியீட்டோடு ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் பொதியைக் கட்ட மறுக்கும். அபிடிஃப் என்ற கருவி இன்னும் ஆழமாகப் போய், எந்தக் கட்டமைப்பில் எந்த உறுப்பு எத்தனை பைட்டு நகர்ந்தது என்று காட்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு கல்லூரி விடுதியில் உட்கார்ந்து தமிழுக்காக ஒரு நிரலகம் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒரு சந்திப் பிழை திருத்தியோ, எழுத்துப் பெயர்ப்பியோ. இரண்டாவது வெளியீட்டை அனுப்பும் முன் அபிடிஃப்பை ஒரு முறை ஓட்டுங்கள். எதையும் எடுக்கவில்லை, எதுவும் நகரவில்லை என்றால், வெளியீட்டுக்கு எவ்வளவு பெரிய எண் வேண்டுமானாலும் கொடுங்கள், எஸ்ஓ-நேமைத் தொடாதீர்கள். நகர்ந்திருந்தால் தயங்காமல் எண்ணை உயர்த்துங்கள். உங்கள் நிரலகத்தை நம்பித் தன் நிரலைத் தொகுத்தவர் உங்களிடம் வந்து கேட்கப் போவதில்லை; அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.